வெயில் காலத்தில் வாட்டர் கெஃபிர் மணிகள் கூழாகின்றன. எப்படிக் காப்பாற்றுவது?

கேள்வி: கண்டனூர் மருமகள்

எல்லோருக்கும் வணக்கம். தை மாதம் சென்னையிலிருந்து வரும்போது தோழி ஒருத்தி சின்ன டப்பாவில் வாட்டர் கெஃபிர் மணிகள் கொடுத்துவிட்டாள், சர்க்கரைத் தண்ணீரில் போட்டுப் புளிக்க வைத்துக் குடிக்கிற பானத்துக்கான மணிகள். அப்போது தெளிவாக, விரலில் நசுக்கினால் பட்டென்று உடைகிற பதத்தில் இருந்தன. மாசி முடிகிற வரைக்கும் நன்றாகவே பெருகின. பக்கத்து வளவுக்குக்கூடக் கொஞ்சம் கொடுத்தேன்.

பங்குனி பிறந்ததிலிருந்து எல்லாம் மாறிவிட்டது. மணிகள் நொறுங்கிப் பொடியாகின்றன, கையில் எடுத்தால் வழவழவென்று கூழாக ஒட்டுகின்றன. அளவு கூடவே இல்லை. தண்ணீர் ஒரே நாளில் கடுப்பாகப் புளித்துவிடுகிறது, துணியை அவிழ்த்தால் கள் வாடை. நேற்று லேசாக அழுகிய முட்டை வாடையும் சேர்ந்துகொண்டது.

வெளிநாட்டு வீடியோ ஒன்றில் பார்த்த முறைப்படிதான் ஆரம்பத்திலிருந்து செய்கிறேன். 1 லிட்டர் போர் தண்ணீர், அதில் 60 கிராம் சர்க்கரை. பங்குனியிலிருந்து சர்க்கரைக்குப் பதில் கருப்பட்டி, சத்து அதிகம் என்பதால். மஞ்சள் உலர் திராட்சை கொஞ்சம், முட்டை ஓடு ஒரு துண்டு, ஒரு சிட்டிகை சமையல் சோடா. 48 மணி நேரம் அடுப்படி மேடையிலேயே வைக்கிறேன். போர் தண்ணீரில் டிடிஎஸ் (கரைந்திருக்கிற உப்பு, தாதுக்களின் அளவு) 900-க்கு மேல் காட்டுகிறது. வீட்டில் ஆர்ஓ இருக்கிறது, ஆனால் அதில் தாது இல்லை, மணி செத்துவிடும் என்று அந்த வீடியோவில் சொல்கிறார்கள்.

மாமியார் இதைக் கள்ளு என்கிறார், வீட்டுக்குள் வேண்டாம் என்கிறார். மாமனாருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது, அவர் குடிக்கலாமா என்றும் தெரியவில்லை. இது இமயமலைச் சித்தர்கள் கொடுத்தது என்று வாட்ஸ்அப்பில் ஒருவர், ஜப்பான்காரர்களுடையது என்று இன்னொருவர். தெரிந்தவர்கள் சொல்லுங்கள், மணிகளைத் தூக்கிப்போட மனம் வரவில்லை.


பதில்: பள்ளத்தூர் வளவு

தங்கச்சி, தூக்கிப்போட வேண்டாம். பச்சை, கறுப்பு, ரோஸ் நிறத்தில் பஞ்சு மாதிரி பூசணம் பிடித்திருந்தால் மட்டும் மணியோடு சேர்த்து எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும், கழுவிக் காப்பாற்றப் பார்க்கக் கூடாது. நீங்கள் சொல்வதில் பூசணம் இல்லை. மணி களைத்துப் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

நான் பினாங்கிலிருந்து ஊரோடு வந்த காலத்திலிருந்து இதை வளர்க்கிறேன். என் அனுபவத்தில், வெளிநாட்டுக்காரர்கள் சொல்லும் முறையை நம் ஊரில் அப்படியே செய்தால் மாசி வரைக்கும் சரியாக வரும், அதற்கப்புறம் வராது. அவர்கள் வீட்டில் 20, 22 டிகிரி. தண்ணீரும் பல இடங்களில் மென்மையானது. அந்தக் குளிருக்குத்தான் 48 மணி நேரம், அந்தத் தண்ணீருக்குத்தான் முட்டை ஓடும் சோடாவும். நம் வீட்டில் சித்திரை மதியம் அடுப்படி 35-ஐத் தாண்டுகிறது, குழாயைத் திறந்தால் வருவதே சுண்ணாம்புத் தண்ணீர். அங்கே இல்லாததை அவர்கள் சேர்க்கிறார்கள். நம்மிடம் ஏற்கெனவே அது அதிகம், அதன் மேல் இன்னும் சேர்த்தால் மணி என்ன செய்யும்?

மணி எப்படி வளர்கிறது என்று தெரிந்தால் மீதியெல்லாம் தானாகப் புரியும். அது விதையுமல்ல, செடியுமல்ல. ஈஸ்டும் பாக்டீரியாக்களும் சேர்ந்து குடியிருக்கிற ஒரு வீடு. அந்த வீட்டைக் கட்டுவது பெரும்பாலும் ஹில்கார்டி என்கிற லாக்டிக் பாக்டீரியா. நாம் போடும் சர்க்கரை சுக்ரோஸ், அதாவது குளுக்கோஸும் பிரக்டோஸும் கோத்துக்கொண்டிருப்பது. இந்த பாக்டீரியாவின் நொதி அந்தக் கோப்பைப் பிரித்து, குளுக்கோஸை மட்டும் சங்கிலியாகக் கோத்து டெக்ஸ்ட்ரான் என்ற பசையாக்குகிறது. நம் கையில் மணியாகத் தெரிவது அந்த டெக்ஸ்ட்ரான்தான். விடுபட்ட பிரக்டோஸ் ஈஸ்டுக்கும் மற்றவற்றுக்கும் சாப்பாடு. இதனால்தான் தேனில் போட்டால் மணி வளராது. தேனில் அந்த இரண்டும் ஏற்கெனவே பிரிந்தே இருக்கின்றன, போதாததற்குத் தேனுக்கு நுண்ணுயிர்களை அடக்கும் குணமும் உண்டு. வெள்ளைச் சர்க்கரையும் கற்கண்டும் ஏறக்குறைய முழுக்கச் சுக்ரோஸ்.

புளிப்பு ஒரு அளவைத் தாண்டினால் அந்த நொதி மந்தமாகிவிடும். ஜாடியில் நொதித்தல் நடக்கும், குமிழி வரும், தண்ணீரும் புளிக்கும், மணி மட்டும் பெருகாது. உங்கள் வீட்டில் நடப்பது இது. சூடு 10 டிகிரி ஏறினால் நொதித்தல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாகும். அந்த வீடியோவில் இரண்டு நாளில் நடக்க வேண்டியது உங்கள் அடுப்படியில் ஒரே நாளில் முடிந்துவிடுகிறது. மறுநாள் முழுக்க மணிகள் சர்க்கரையும் இல்லாமல் காடியில் கிடக்கின்றன. கள் வாடை வருவது ஈஸ்டின் கை ஓங்கியதால். முட்டை வாடையும் அநேகமாக ஈஸ்டிடமிருந்துதான். அதற்குச் சூடும் பசியும் சேர்ந்து வாட்டினால் கந்தக வாயு விடும்.

முதலில் மணிக்கு ஓய்வு கொடுங்கள். பிளாஸ்டிக் வடிகட்டியில் கொட்டி, கொதித்து ஆறிய ஆர்ஓ தண்ணீரால் ஒரே ஒரு தரம் மெதுவாக அலசுங்கள். தேய்க்கக் கூடாது, தினமும் அலசவும் கூடாது. பொடியாகிப்போன கூழ் வடிகட்டி வழியே ஓடட்டும், மிச்சம் நிற்கிற மணி போதும். அரை லிட்டர் ஆர்ஓ தண்ணீரில் 30 கிராம் வெள்ளைச் சர்க்கரை கரைத்து, மணிகளைப் போட்டு, மூடியைத் தளர்வாக வைத்து ஃபிரிட்ஜில் ஐந்தாறு நாள் விட்டுவிடுங்கள். பழம், கருப்பட்டி, சோடா, முட்டை ஓடு எதுவும் வேண்டாம்.

வெளியே எடுத்த பிறகு தண்ணீரைக் கலந்து பாருங்கள். ஆர்ஓ இரண்டு பங்கு, போர் ஒரு பங்கு. ஆர்ஓவில் கால்சியம் இல்லை என்பதில் அந்த வீடியோ சொல்வது சரிதான். கால்சியமும் பைகார்பனேட்டும் கொஞ்சம் இருந்தால் புளிப்பு சட்டென்று ஏறாமல் தாங்கும், மணியும் கட்டும். அந்தக் கொஞ்சம் உங்கள் போர் தண்ணீரிலேயே இருக்கிறது. ஆனால் டிடிஎஸ் மீட்டரை மட்டும் நம்பாதீர்கள். அது சுண்ணாம்பையும் உப்பையும் சேர்த்தே எண்ணும். சோப்பு நுரைக்காமல், வெந்நீர்ப் பானையில் வெள்ளை ஏடு படிந்தால் கடினத் தண்ணீர், கலப்பதற்கு ஆகும். வாயில் வைத்தால் உப்புக் கரிக்கிற தண்ணீராக இருந்தால் போரை விட்டுவிட்டு வெறும் ஆர்ஓவில் சுண்டுவிரல் நக அளவு முட்டை ஓடு போடுங்கள். ஓட்டை நன்றாகக் கொதிக்க வைத்து, உள்ளே இருக்கும் தோலை உரித்துவிட்டுப் போட வேண்டும்.

காரைக்குடிப் பக்கம் நகராட்சித் தண்ணீர் பிடிக்கிறவர்கள் குளோரினைக் கவனியுங்கள். வாயகன்ற பாத்திரத்தில் ராத்திரி முழுக்கத் திறந்து வைத்தால் பெரும்பாலும் போய்விடும், கொதிக்க வைத்து ஆற்றினால் இன்னும் நிச்சயம். எங்கள் வீட்டில் ஐப்பசி, கார்த்திகையில் முற்றத்துக் கூரைத் தண்ணீரை அண்டாவில் பிடிப்போம். முதல் மழையை விட்டுவிட்டு, தகடு கழுவினதுக்கு அப்புறம் விழுகிற தண்ணீர். வடிகட்டிக் காய்ச்சி எடுத்தால் அதைப் போல ருசி வேறெதிலும் வராது. அது ஆர்ஓ மாதிரியே வெறும் தண்ணீர், அதனால் அதற்கு மட்டும் முட்டை ஓடு போடுகிறேன்.

வெயில் காலத்தில் என் கணக்கு இது: 1 லிட்டர் தண்ணீருக்கு 60 கிராம் சர்க்கரை, மணி இரண்டு மேசைக்கரண்டிதான். குளிர் மாதங்களில் நான்கு கரண்டி போடுவேன். மணி குறைந்தால் புளிப்பு நிதானமாக ஏறும். கறுப்பு உலர் திராட்சை ஏழெட்டு, விதை எடுத்த எலுமிச்சை ஒரு வில்லை. மஞ்சள் திராட்சை வேண்டாம். அந்த நிறம் மங்காமல் இருக்கப் பெரும்பாலும் கந்தகப் புகை காட்டியிருப்பார்கள், அது ஈஸ்டையும் பாக்டீரியாவையும் அடக்கும். கறுப்பிலும் எண்ணெய் தடவியது வரும், வெந்நீரில் கழுவிப் போடுங்கள். சாயங்காலம் 6 மணிக்குப் போட்டு, மறுநாள் மதியத்துக்குள் ஒரு வாய் குடித்துப் பாருங்கள். இனிப்பு பாதி இறங்கி, நாக்கில் லேசாகச் சுறுக்கென்றால் வடிகட்டிவிடுங்கள். கடிகாரத்தைவிட நாக்கு நம்பகமானது.

வைக்கிற இடம் ரொம்ப முக்கியம். அடுப்படியை விட்டு நகர்த்துங்கள். நம் பழைய வீடுகளின் தடித்த சுவரும் சுண்ணாம்புப் பூச்சும் இதற்காகவே கட்டியது போல இருக்கும். வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில், முற்றத்து வெயில் படாத உள்ளறையில், தரையிலேயே வையுங்கள். அகலத் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி அதன் நடுவில் ஜாடியை வைத்து, ஈரத் துணியைச் சுற்றி, துணியின் நுனி தண்ணீரில் தொங்கட்டும். நம் ஊர்க் காற்று வறண்டது, துணி காயக் காய ஜாடி குளிரும். என் வீட்டில் வெளியே 39 இருக்கும்போது ஜாடிக்குள் 28, 29 நிற்கிறது. தாம்பாளம் கட்டாயம் வேண்டும். கெஃபிர் சிந்தினால் ஆத்தங்குடிக் கல்லில் மங்கல் விழுந்துவிடும். அது சிமெண்டில் செய்தது, புளிப்பு அதை அரிக்கும், அப்புறம் எத்தனை தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்தாலும் பழைய பளபளப்பு வராது.

ஜாடி வாயில் மல் துணியை நெருக்கமாகக் கட்டுங்கள். பழ ஈ உள்ளே போனால் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டியதுதான்.

சித்தர்கள், ஜப்பான் இரண்டுக்குமே ஆதாரம் எதையும் நான் பார்த்ததில்லை. எழுத்தில் இருப்பது இது: 1892-இல் ஹாரி மார்ஷல் வார்ட் என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளர் இதற்கு ரொம்ப நெருங்கிய உறவான இஞ்சி பீர் மணியைப் பிரித்து ஆராய்ந்து, அதில் ஈஸ்டும் பாக்டீரியாவும் கூட்டாக வாழ்கின்றன என்று காட்டினார். 1899-இல் லுட்ஸ் என்பவர் மெக்சிகோவிலிருந்து வந்த திபி மணிகளைப் பற்றி (வாட்டர் கெஃபிர் மணிக்கு இன்னொரு பெயர் திபி) எழுதினார், அவை சப்பாத்திக்கள்ளியோடு தொடர்புடையவை என்று. அந்த வார்ட் அதற்கு முன்னால் 1880 முதல் 1882 வரை இலங்கையில் இருந்து, காப்பித் தோட்டங்களை அழித்த இலைத்துரு நோயை ஆராய்ந்தவர். நம் பாட்டன்மார் வட்டிக்கடை வைத்திருந்த அதே இலங்கை. படித்தபோது எனக்கு மனசுக்கு நெருக்கமாக இருந்தது.

மாமியாருக்கும் மாமனாருக்கும் உண்மையைச் சொல்லிவிடுங்கள். ஈஸ்ட் இருக்கிற இடத்தில் கொஞ்சம் ஆல்கஹால் உண்டு. ஒரு நாள் புளித்து உடனே ஃபிரிட்ஜுக்குப் போனதில் குறைவு, பழச்சாறு ஊற்றி இறுக்கி மூடி வெளியே வைத்ததில் கூடுதல். விரத நாளில் வேண்டாம் என்று மாமியார் சொன்னால் அது நியாயம். சர்க்கரைக்காரர்களுக்கு இது மருந்தல்ல. புளிப்பு ஏறினாலும் சர்க்கரை முழுக்கப் போவதில்லை, பிரக்டோஸ் கணிசமாக நிற்கும். டாக்டரிடம் கேட்காமல் மாமனாருக்குக் கொடுக்காதீர்கள். எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுகிறவர்களும் அப்படித்தான்.


பதில்: ஊருணிக்கரை, தேவகோட்டை

ஆச்சி சொன்னதில் கருப்பட்டி ஒன்றில் மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து. சாயல்குடிக் கருப்பட்டி எங்கள் வீட்டில் எப்போதும் இருக்கும். கால் பங்கு கருப்பட்டி, முக்கால் பங்கு சர்க்கரை என்று போடுகிறேன், மணி பழுப்பாகிறது, ஆனால் கெட்டியாகத்தான் இருக்கிறது. கரைத்து வடிகட்டிப் போட வேண்டும், அடியில் மண் நிற்கும்.

இன்னொன்று, பாட்டில். இரண்டாவது தடவை புளிக்க வைக்கிறேன் என்று யாரும் பழைய ஸ்குவாஷ் பாட்டிலில் ஊற்றி மூடி வைக்காதீர்கள். சித்திரை வெயிலில் சில மணி நேரத்தில் அழுத்தம் ஏறிவிடும், கண்ணாடி சிதறினால் கண் போய்விடும். சோடாவுக்கென்று செய்த தடித்த பாட்டில் வேண்டும். நான் எளிய வழி ஒன்று வைத்திருக்கிறேன். குளிர்பானம் வந்த பிளாஸ்டிக் பாட்டிலில் மேலே கொஞ்சம் இடம் விட்டு ஊற்றி, அழுத்திப் பார்ப்பேன். கல்லு மாதிரி விறைத்ததும் உடனே ஃபிரிட்ஜ். பாட்டில் வயிறு நமக்கே சொல்லிவிடும்.

நன்னாரி வேரைத் தட்டி, கொதிக்க வைத்து, ஆறவிட்டு, வடிகட்டின கெஃபிரில் கலந்து அரை நாள் வைத்தால் இந்த வெயிலுக்கு அப்படி இருக்கிறது. கடைச் சர்பத் ஊற்றினால் பெரும்பாலும் நுரைக்காது, கெடாமல் இருக்க மருந்து போட்டிருப்பார்கள். நன்னாரி, இஞ்சி எதுவானாலும் மணியை எடுத்த பிறகுதான். மணியோடு சேர்த்துப் போடாதீர்கள்.


கண்டனூர் மருமகள்

ரொம்ப நன்றி ஆச்சி, அண்ணே. மணிகளை அலசி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டேன். கூழெல்லாம் போனபின் ஒரு கரண்டிக்குக் கொஞ்சம் கூடத்தான் மிச்சம். நன்னாரி வேரும் வாங்கி வைத்துவிட்டேன்.

இரண்டு சந்தேகம். இங்கே பரணில் அப்பத்தா காலத்து பர்மா பீங்கான் ஜாடிகள் இருக்கின்றன. கண்ணாடியைவிட அதில் குளிர்ச்சியாக இருக்குமே, கெஃபிருக்கு எடுக்கலாமா? அப்புறம், ஆடியில் கணவரோடு சிங்கப்பூர் போகிறோம், திரும்ப ஒன்றரை மாதம் ஆகும். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை.


பதில்: பள்ளத்தூர் வளவு

ஊருணிக்கரைத் தம்பி சொன்ன கால் பங்கு கருப்பட்டி உங்களுக்கும் சரிப்படும், ஆனால் மணி தேறின பிறகு. இப்போது வெள்ளைச் சர்க்கரை மட்டும் கொடுங்கள். தேறினதற்கு அடையாளம், இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து அமுக்கினால் வழுக்காமல் உடைய வேண்டும். ஒரு கரண்டி மணிக்கு அரை லிட்டருக்கு மேல் தண்ணீர் வேண்டாம். முதல் சில ஈடு ருசி சுமாராகத்தான் இருக்கும், அவற்றைக் குடிக்காமல் கொட்டிவிடலாம்.

பர்மா ஜாடி வேண்டாம் தங்கச்சி. எனக்கும் அவற்றின் மேல் ஆசைதான், எங்கள் வீட்டிலும் வரிசையாக நிற்கின்றன. பழைய பீங்கான் மெருகில் ஈயம் கலந்திருக்கலாம், புளிப்புத் தண்ணீர் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொள்ளும். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அரிசியோ பருப்போ போட்டு வையுங்கள். கெஃபிருக்குக் கண்ணாடி. பித்தளை, செம்பு, அலுமினியம் பக்கமே கொண்டு போகாதீர்கள். எவர்சில்வர் கரண்டியால் கலக்குவதில் தவறில்லை, அதிலேயே ஊற வைக்க வேண்டாம்.

ஒன்றரை மாதத்துக்கு மணியை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு பாதியைப் புதிய சர்க்கரைத் தண்ணீரில் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். தண்ணீர் மாற்றாமல் இரண்டு மூன்று வாரம் நிம்மதியாக இருக்கும், ஆறு வாரம் என்றால் இழுத்துப் பிடிக்கலாம், உறுதி சொல்ல மாட்டேன். அதனால் மறு பாதியைக் காய வைத்துவிடுங்கள். நல்ல தண்ணீரில் அலசி, வெள்ளை வேட்டித் துணியில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி, நிழலில் விசிறிக்கடியில் இரண்டு மூன்று நாள். வற்றலோடு சேர்த்து மொட்டை மாடி வெயிலில் போட்டுவிடாதீர்கள், உயிர் போய்விடும். எறும்பு வராமல் இருக்கத் துணி விரித்த மேசையின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள். முழுக்கக் காய்ந்ததும் சர்க்கரைத் துகள் மாதிரி கடினமாகிவிடும், அதைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் சில மாதம் தாங்கும். திரும்பி வந்து சர்க்கரைத் தண்ணீரில் ஊற வையுங்கள், தினமும் தண்ணீர் மாற்ற வேண்டும். நாலைந்து நாளில் குமிழி வரும், அதற்கு முன்னால் கைவிட்டுவிடாதீர்கள்.

ஃபிரிட்ஜ் பாதியை நம்பி விட்டுப்போனால் அங்கே மின்சாரம் போகிற நாளையும் நினைத்துக்கொள்ளுங்கள். அந்த ஜாடியின் மூடியை இறுக்காமல் வைத்தால் போதும். பக்கத்து வளவுக்குக் கொடுத்தீர்களே, அவர்கள் மணி எப்படி இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். நன்றாக இருந்தால் அதிலிருந்தே ஒரு கரண்டி வாங்கி ஆரம்பிக்கலாம். இல்லையென்றால் ஆடிக்கு முன்னால் பள்ளத்தூர்ப் பக்கம் வந்தால் வீட்டுக்கு வாருங்கள், என்னிடம் இப்போது வேண்டிய மட்டும் இருக்கிறது. மூடி உள்ள சின்னக் கண்ணாடிக் குப்பி ஒன்று கொண்டுவாருங்கள், வெயில் தாழ சாயங்காலமாக வாருங்கள், பஸ்ஸில் சூடாகிவிடும்.